எண்ணிக்கையில் இருப்பவள்

திருப்பூரில் 'கோட்டா' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எந்த நாடு எத்தனை உருப்படி ஆடை அனுப்பலாம் என்பதை 1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம் முடிவு செய்தது. இந்தியாவுக்குக் கிடைத்த பங்கை ஏற்றுமதியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை, சுருக்கமாக ஏஇபிசி என்று எல்லோரும் சொல்லும் ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலுடையது. முந்தைய ஆண்டுகளில் நிறைய அனுப்பியவருக்கு ஒரு பங்கு, முதலில் வந்து கேட்டவருக்கு ஒரு பங்கு என்று கணக்குகள் இருந்தன. தனக்குக் கிடைத்த கோட்டாவைப் பயன்படுத்தாதவர் அதை இன்னொருவருக்கு விலைக்கு விற்கலாம். தறியும் தையலும் இல்லாமல் கோட்டாக் காகிதத்தை மட்டும் வைத்துப் பணம் பார்த்தவர்களும் உண்டு.

2005 ஜனவரி 1 அன்று இந்த முறை முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டே சீன ஆடைகள் ஐரோப்பாவுக்குள் பெருவெள்ளமாகப் போயின. பதறிப்போன ஐரோப்பிய ஒன்றியம் ஜூன் மாதம் சீனாவோடு பேசி மீண்டும் வரம்பு விதித்தது. ஆகஸ்டுக்குள் வரம்பு நிரம்பிவிட்டது. ஏழு கோடிக்கும் மேற்பட்ட ஸ்வெட்டர்களும் கால்சட்டைகளும் பிராக்களும் துறைமுகங்களில் தேங்கி நின்றன. செப்டம்பர் தொடக்கத்தில் பெய்ஜிங்கில் உட்கார்ந்து பேசி அவற்றை விடுவித்தார்கள். ஆடைகளின் காத்திருப்பு சில வாரங்களில் தீர்ந்தது.

உருப்படிக்கான கோட்டா ஒழிந்தது. மனிதருக்கான நாட்டுவாரிக் கோட்டா ஒழியவில்லை. அமெரிக்காவில் குடியேறப் பணம் கொடுத்து இடம் கேட்கிற முதலீட்டாளர்கள்கூட அந்தக் கோட்டாவில் சிக்கித்தான் நிற்கிறார்கள். சீனர்கள் பத்தாண்டுக்கும் மேலாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இந்தியர்கள். கோடீஸ்வரர்களின் வரிசை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த வரிசையில் நிற்பவர்களில் பெரும்பகுதியினர் முதலீட்டாளர்களே இல்லை. அவர்களுடைய மனைவிகளும் மக்களும். எண்ணிக்கையில் ஒவ்வொருவரும் ஓர் இடம். உரிமையில் இன்னொருவரின் நிழல். ஒரு பெண்ணை எண்ணுவதும் அவளை ஆளாக ஏற்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை இந்த வரிசையின் வரலாறு காட்டுகிறது.

வணிகரின் மனைவி

அமெரிக்காவின் குடியேற்றத் தடைகள் சீனர்களிடமிருந்து தொடங்கின என்று பாடநூல்கள் சொல்லும், 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்தைச் சுட்டும். அதற்கு ஏழாண்டு முன்பே, 1875இல், பேஜ் சட்டம் வந்துவிட்டது. சீனா, ஜப்பான் முதலிய கீழை நாடுகளிலிருந்து பாலியல் தொழிலுக்காகப் பெண்களைக் கொண்டுவருவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நடைமுறையில் ஹாங்காங்கில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி, கப்பலேற வந்த ஒவ்வொரு சீனப் பெண்ணையும் சந்தேகப்பட்டு விசாரித்தார். 'நான் அப்படிப்பட்டவள் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. அந்நாட்டின் குடியேற்றத் தடைச் சட்டங்களின் வரலாறு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியில் தொடங்குகிறது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

1882இன் சட்டம் சீனத் தொழிலாளர்களைத் தடுத்தது. வணிகர், ஆசிரியர், மாணவர், சுற்றுப்பயணி ஆகியோருக்கு விலக்குண்டு. யார் வணிகர்? 1893இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். கடை நடத்துபவராக இருக்க வேண்டும், தன் கையால் கூலி வேலை செய்பவராக இருக்கக் கூடாது, இதைச் சீனரல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். கையில் காய்ப்பு இருந்தால் கதவு மூடும், காசு இருந்தால் திறக்கும். இன்றைய முதலீட்டாளர் விசாவின் மூதாதை இந்த விலக்குத்தான்.

வணிகரின் மனைவிக்கு என்ன நிலை? 1900இல் கியூ லிம் என்ற பெண்ணின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. வணிகர் உள்ளே இருக்கலாம் என்றால் அவர் மனைவியும் வரலாம், அவளுக்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்பது தீர்ப்பு. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அவள் நுழைந்தது தன் பெயரால் அன்று, கணவனின் தொழிலால்.

இந்தத் தருக்கம் எங்கே போய் முடியும் என்பதை 1925 மே 25 காட்டியது. அன்று ஒரே நாளில் அதே நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. ஒன்றில், அமெரிக்காவில் குடியிருக்கும் சீன வணிகர்களின் மனைவிகளையும் குழந்தைகளையும் அனுமதித்தது; 1880ஆம் ஆண்டின் வணிக உடன்படிக்கை அவர்களைக் காத்தது. மற்றொன்றில், சீன வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கக் குடிமக்களின் சீன மனைவிகளை அனுமதிக்க மறுத்தது. குடிமகனின் மனைவி வெளியே, வணிகரின் மனைவி உள்ளே. குடியுரிமையைவிட மூலதனத்துக்கு வலு அதிகம் என்பது பெண்களை வைத்துத்தான் முதலில் தெளிவானது.

வந்தவர்களை விசாரித்த இடங்களில் ஒன்று சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவு. 1910 முதல் 1940 வரை அங்கே இயங்கிய நிலையத்தில் சீனர்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைபட்டுக் கிடந்தார்கள். ஊர்க் கிணறு எந்தத் திசை, வீட்டுக்கு எத்தனை படி என்றெல்லாம் கேள்விகள். ஆண்கள் தங்கியிருந்த மரச்சுவர்களில் அவர்கள் செதுக்கிய கவிதைகள் இன்றும் இருக்கின்றன, நூலாகவும் வந்திருக்கின்றன. பெண்கள் தங்க வைக்கப்பட்டிருந்தது நிர்வாகக் கட்டடத்தில். 1940இல் அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. பெண்கள் அங்கே ஏதேனும் எழுதியிருந்தால் அது சாம்பல். கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் இந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. காத்திருப்பின் இலக்கியத்தில்கூட ஆணின் சுவர் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கிறது.

அதே தீவு வழியாக 1915இல் ஓர் இந்தியப் பெண் மூன்று மகன்களோடும் கணவரோடும் உள்ளே போனார். பெயர் கலா பகாய். கணவர் வைஷ்ணோ தாஸ் பகாய் பெஷாவரைச் சேர்ந்தவர், கதர் இயக்க ஆதரவாளர், கையில் 25,000 டாலரோடு வந்தவர். அன்றைய கணக்கில் அது பெரும் செல்வம். இன்றைய மொழியில் அவரை முதலீட்டாளர் என்றே சொல்லலாம். பெர்க்லியில் வீடு வாங்கினார்கள்; குடிபோன நாளில் அக்கம்பக்கத்தார் உள்ளே விடாமல் வீட்டைப் பூட்டிவைத்திருந்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்தார்கள். 1921இல் பகாய் குடியுரிமை பெற்றார். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் ஆக மாட்டார்கள், எனவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பகாயின் குடியுரிமை பறிக்கப்பட்டது. சொத்தை விற்க நேர்ந்தது. ஊருக்குப் போய்வரக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. 1928இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பணம் வாங்கித் தந்த இடத்தைப் பணத்தால் காப்பாற்ற முடியவில்லை. மிஞ்சியவர் கலா பகாய். ஆங்கிலம் அறியாமல் போனவர், மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார், பின்னர் வந்த இந்தியக் குடும்பங்களுக்குத் துணையாக இருந்தார், 1983 வரை வாழ்ந்தார். 2020இல் பெர்க்லி நகரம் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தது. ஒரு காலத்தில் வீட்டுக்குள் விடாத ஊர் அது. நுழைவுப் பதிவில் மனைவியாக எழுதப்பட்ட ஒருத்தி தனி ஆளாக அடையாளம் பெற நூறாண்டுக்கும் மேல் ஆனது.

எழுநூறு இடம்

இரண்டாம் உலகப் போரில் சீனா நேச நாடானதால் 1943இல் விலக்குச் சட்டம் நீங்கியது. ஆண்டுக்கு 105 சீனர் வரலாம் என்றார்கள். 1946இல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம் கிடைத்தது. தடை போய்க் கோட்டா வந்தது. 1965இன் சட்டம் நிறவாரிக் கணக்கை நீக்கி, கிழக்கு அரைக்கோளத்தின் ஒவ்வொரு நாட்டுக்கும் 20,000 என்ற உச்சவரம்பை வைத்தது. 1990இன் சட்டம் அதை மொத்தத்தில் 7 சதவீதம் என மாற்றியது. இந்தியாவுக்கும் 7, சீனாவுக்கும் 7, ஒரு சிறு தீவு நாட்டுக்கும் 7. காகிதத்தில் எல்லோரும் சமம்.

அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம்தான் இபி-5 எனப்படும் முதலீட்டாளர் பிரிவையும் உருவாக்கியது. பத்து லட்சம் டாலர் முதலிட்டு, அமெரிக்கர்களுக்கு முழுநேர வேலை பத்து உருவாக்கினால் நிரந்தரக் குடியிருப்பு உரிமை. வேலையின்மை மிகுந்த பகுதிகளிலும் கிராமப்புறங்களிலும் ஐந்து லட்சம் போதும். 2022 மார்ச்சில் வந்த திருத்தச் சட்டம் இந்தத் தொகைகளை 10,50,000 டாலராகவும் 8,00,000 டாலராகவும் உயர்த்தியது. எட்டு லட்சம் டாலர் என்பது நம் பணத்தில் ஏறத்தாழ ஏழு கோடி ரூபாய்.

ஆண்டுக்கு இந்தப் பிரிவில் ஏறத்தாழ 10,000 இடங்கள். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்றால் 700. மற்ற நாட்டவர் கேட்காமல் மீதமாகும் இடங்கள் மட்டும் நீண்ட நாள் காத்திருப்பவருக்குப் போகும். முதல் இருபது ஆண்டுகள் பெரிய கூட்டமில்லை. 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் வங்கிக் கடன் கிடைக்காத அமெரிக்கக் கட்டட நிறுவனங்கள் சீனாவின் புதுப் பணக்காரர்களைத் தேடிப் போயின. 2014இல் இந்தப் பிரிவின் இடங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் சீனர்களுக்குப் போயின. 2015 மே மாதம் சீனர்களுக்கு வெட்டுத் தேதி விதிக்கப்பட்டது. அந்தத் தேதிக்கு முன் மனுப் போட்டவருக்கு மட்டுமே இடம். மற்றவர் காத்திருக்க வேண்டும். 2018, 2019இல் புதிதாக மனுச் செய்யும் சீனர் ஏறத்தாழ 15 ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரியே கணித்துச் சொன்னார். 2019 ஜூலையில் இந்தியாவுக்கும் வெட்டுத் தேதி வந்தது.

இந்த வரிசையின் கொடுமை, அது பின்னாலும் நகரும் என்பதுதான். 2024 அக்டோபரில் சீனர்களுக்கான தேதி 2016 ஜூலை வரை வந்திருந்தது. 2025 ஏப்ரலில் அதை 2014 ஜனவரிக்கு இழுத்துவிட்டார்கள். கவுன்ட்டரை நெருங்கியவரைத் தெருமுனைக்குத் திருப்பி அனுப்பியதுபோல.

இப்போது பெண்களிடம் வருவோம். பத்தாயிரம் இடம் என்பது பத்தாயிரம் முதலீட்டாளர்களுக்கானது அன்று. மனைவிக்கு ஓர் இடம், 21 வயது நிரம்பாத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் என அதே கணக்கிலிருந்து கழிப்பார்கள். மூன்று பேர் கொண்ட குடும்பம் என்றால் 700 இடத்தில் 233 முதலீட்டாளர்தான். வரிசை இவ்வளவு நீண்டதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்கு. மனைவி என்பவள் இடத்தை நிரப்புவதற்கு முழு ஆள். மனுவில் அவள் 'சார்ந்திருப்பவர்'. பச்சை அட்டை கைக்கு வரும் முன் மணமுறிவு நேர்ந்தால், பத்தாண்டு வரிசையில் நின்ற அவள் அன்றே வரிசைக்கு வெளியே.

சட்டத்தில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை என்பது உண்மை. பெண்ணும் முதல் மனுதாரர் ஆகலாம். அப்போது கணவன் சார்ந்திருப்பவன் ஆவான். ஆனால் இந்தச் சட்டம் மூலதனத்தைக் கேட்கிறது. மூலதனம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே மனுதாரர். கேள்வி வாஷிங்டனிலிருந்து நம் வீட்டுப் பீரோவுக்கு வந்துவிடுகிறது.

இதில் ஒரு விந்தையான விதிவிலக்கு உண்டு. கோட்டா குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. கணவன் இந்தியாவிலும் மனைவி வேறு நாட்டிலும் பிறந்திருந்தால், குடும்பம் முழுவதும் அவள் பிறந்த நாட்டின் கணக்கில் போகலாம். சிங்கப்பூரிலோ குவைத்திலோ பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் பிறப்புச் சான்றிதழ் பல ஆண்டுக் காத்திருப்பைக் குறைத்துவிடும். அவள் படிப்பும் வேலையும் செய்யாததை, அவள் அம்மாவுக்குப் பேறுகால வலி எந்த ஊரில் வந்தது என்பது செய்கிறது.

விடுதலைப் பத்திரம்

கொங்கு நாட்டிலிருந்து பணம் எப்படிப் போகும் என்று பார்ப்போம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலருக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எட்டு லட்சம் டாலர் வேண்டுமென்றால் ஒரே ஆண்டில் நான்கு பேர் அனுப்ப வேண்டும், அல்லது மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரிக்க வேண்டும். அப்பா, அம்மா, மனைவி என்று குடும்பத்தின் பான் அட்டைகள் எல்லாம் வெளியே வரும். ஆண்டு முழுக்கச் சொத்து விவகாரத்தில் பேச வாய்ப்பில்லாத பெண்கள் அந்த ஒரு நாள் வங்கியில் கையெழுத்துப் போடுவார்கள். கோட்டா இங்கும் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு வந்தால்தான் வீட்டுப் பெண்ணும் ஒரு தலையாகிறாள்.

அமெரிக்க அதிகாரிகள் பணம் நேர்வழியில் வந்ததா என்று பார்ப்பார்கள். நிலம் விற்ற பணம் என்றால், அந்த நிலம் எப்படி வந்தது என்பதற்கான ஆவணங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரப்பட வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் போகும். அதோடு போகக்கூடிய இன்னொரு ஆவணத்தின் பெயரை நம் பெண்கள் நன்கு அறிவார்கள். விடுதலைப் பத்திரம். அண்ணன் தம்பிகளுக்காகத் தன் பாகத்தை விட்டுக்கொடுத்து, கூடப்பிறந்த பெண் பதிவாளர் முன் கையெழுத்திடும் பத்திரம். விடுதலை என்ற சொல்லை இவ்வளவு கசப்பாகப் பயன்படுத்திய இடம் தமிழில் வேறில்லை. அவள் சொத்திலிருந்து விடுதலை ஆகிறாள். சொத்து அவளிடமிருந்து விடுதலை ஆகிறது.

தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. அதற்கு முன் திருமணமானவர்களுக்கு மட்டும் இல்லை. 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை பிறப்பால் வருவது என்று உறுதி செய்தது. சட்டம் மூன்று முறை சொன்ன பிறகும் விடுதலைப் பத்திரம் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்று அதற்கு நியாயமும் சொல்வார்கள்.

திருப்பூரின் தொழில் வளர்ச்சியை ஆராய்ந்த ஷரத் சாரி 2004இல் வெளியான தன் நூலுக்கு 'ஃபிரேட்டர்னல் கேப்பிட்டல்' என்று பெயரிட்டார். சகோதர மூலதனம் என்று பொருள். நிலமும் சிறு சேமிப்பும் சாதி உறவும் கொண்டு, தறியிலும் தையலிலும் வேலை பார்த்த கவுண்டர் ஆண்கள் எப்படி முதலாளிகளானார்கள், தங்கள் எழுச்சியை 'உழைப்பு' என்ற ஒரே சொல்லால் எப்படி விளக்கினார்கள் என்பதை அந்நூல் சொல்கிறது. சகோதரர்களின் மூலதனம் சரி. சகோதரிகள் விட்டுக்கொடுத்த மூலதனத்துக்கு என்ன பெயர்? ஊரில் விட்டுக்கொடுத்தவளின் பங்கும் சேர்ந்த பணம் கடல் கடந்து போய் இன்னொரு பெண்ணைச் சார்ந்திருப்பவளாக ஆக்குகிறது என்றால், இரண்டு பெண்களின் கையெழுத்தும் ஒரே கோப்பில் இருக்கிறது.

இருத்தலும் இருபத்தொன்றும்

பொருள் தேடிப் போகிறவன் பெண்ணை அழைத்துப் போவதில்லை என்பது நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. முந்நீர்ச் செலவு பெண்ணோடு இல்லை என்கிறது தொல்காப்பியம். முந்நீர் என்பதைக் கடல் என்றார் இளம்பூரணர். ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று நீர்மை என்றார் நச்சினார்க்கினியர். எந்த உரையை எடுத்தாலும் அவன் போகிறான், அவள் இருக்கிறாள். முல்லைத்திணையின் உரிப்பொருளுக்குப் பெயரே இருத்தல்தான். காத்திருப்பதைப் பெண்ணின் பண்பாக்கிப் பாடிய மரபு நம்முடையது. முதலீட்டாளர் விசா அவளையும் கடல் கடக்க வைக்கிறது. இருத்தலை மட்டும் மாற்றவில்லை.

இந்திய முதலீட்டாளர்களில் ஒரு சாரார் ஏற்கெனவே அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர்கள். வேலைவாய்ப்புப் பிரிவுகளில் இந்தியர்களின் காத்திருப்பு பல பத்தாண்டுகளாக நீண்டுவிட்டதால், ஊரிலிருந்து பெற்றோர் தரும் பணத்தைக் கொண்டு இந்த வரிசைக்கு மாறுகிறார்கள். அவர்களுடைய மனைவிகள் எச்-4 விசாவில் இருப்பவர்கள். 2015 மே வரை அந்த விசாவில் இருந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யவே முடியாது. அதற்குப் பிறகும், கணவனின் நிரந்தரக் குடியிருப்பு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அனுமதி. பொறியியலும் முதுகலையும் படித்துப் போன பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் சமையலறையில் இருந்தார்கள். 2022இன் திருத்தத்துக்குப் பிறகு, அமெரிக்காவுக்குள் இருந்தே முதலீட்டு மனுவோடு சேர்த்து வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம் என்ற வழி திறந்தது. ஏழு கோடி ரூபாய் கொடுத்து வாங்கப்படுவதில், ஒரு பெண் தன் படிப்புக்கேற்ற வேலைக்குப் போகும் அனுமதியும் ஒன்று. திருமணத்துக்கு முன் அது அவளிடம் இலவசமாக இருந்தது.

பிள்ளைகளுக்கு வேறொரு கடிகாரம். திருமணமாகாத, 21 வயது நிரம்பாத மகனும் மகளும்தான் பெற்றோரின் மனுவில் இருக்கலாம். 2002இல் வந்த ஒரு சட்டம் சிறிது இரக்கம் காட்டியது. மனு பரிசீலனையில் கிடந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். மனு ஏற்கப்பட்ட பிறகு, இடத்துக்காக நிற்கும் நாட்களைக் கழிக்க முடியாது. சீனக் குடும்பங்களில் இதன் அடி பலமாக விழுந்தது. 1980 முதல் 2015 வரை ஒற்றைக் குழந்தைக் கொள்கை நடந்த நாடு அது. ஒரே பிள்ளையின் படிப்புக்காகவே வீட்டை விற்று மனுப் போட்டவர்கள் பலர். பத்து வயதில் மனுவில் சேர்க்கப்பட்ட பிள்ளை வரிசையிலேயே வளர்ந்து 21ஐத் தாண்டிவிட்டால், பெற்றோருக்கு இடம் கிடைக்கும், பிள்ளைக்குக் கிடைக்காது. யாருக்காக நின்றார்களோ அவரை விட்டுவிட்டு மற்றவர் உள்ளே போகலாம்.

நம் ஊர்ப் பெண்ணுக்கு இதில் இரண்டு பொறிகள். வயது ஒன்று, திருமணம் மற்றொன்று. இருபது வயதில் மணம் முடித்தால் 21 வரைகூடக் காத்திருக்க வேண்டாம், தாலி ஏறிய அன்றே அவள் அப்பாவின் மனுவிலிருந்து விழுந்துவிடுவாள். எனவே அவள் திருமணத்தை விசா தேதி பார்த்துத் தள்ளவும் செய்வார்கள். அல்லது இனி இவளுக்கு இடமில்லை என்று தெரிந்ததும் பச்சை அட்டை வைத்திருக்கும் மாப்பிள்ளையைத் தேடவும் செய்வார்கள். அப்பாவைச் சார்ந்திருப்பவள் கணவனைச் சார்ந்திருப்பவள் ஆவாள். இரண்டுக்கும் நடுவில், தான் என்ன படிக்க வேண்டும், எங்கே வாழ வேண்டும் என்று அவளே முடிவு செய்யும் ஒரு நாளுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

முப்பத்தைந்து மணி நேரம்

திருப்பூரில் என் வகுப்பில் இருக்கும் மாணவிகளில் பலருக்கு அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறார். கைமடிப்பு, பிசிறு வெட்டுதல், செக்கிங், ஓவர்லாக் என்று அம்மாக்களின் வேலையை அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். இந்த வரிசையைப் பற்றி அவர்களோடு பேசும்போது ஒரு விவரத்தில் எல்லோரும் நிமிர்கிறார்கள். முதலீட்டாளர் உருவாக்க வேண்டிய முழுநேர வேலை என்பதற்கு அமெரிக்கச் சட்டம் தரும் இலக்கணம் வாரத்துக்கு 35 மணி நேரம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு என்றால் 12 மணி நேரம். அந்த முழுநேரம் இங்கே மூன்றே நாளில் முடிந்துவிடும்.

1984இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின் ஏற்றுமதி பெருகிய காலத்தில், சிறு சிறு அலகுகளாகப் பிரிந்த கம்பெனிகளுக்குள் பெண்கள் பெருமளவில் வந்தார்கள். கோட்டா நாட்களில் ஒவ்வோர் உருப்படியும் எண்ணப்பட்டது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் வைத்து, முடிவில் திருமணத்துக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். இடையில் உடம்பு முடியாமல் போனவளுக்குப் பெரும்பாலும் அந்தத் தொகை இல்லை. அவளும் முதலீடு செய்தவள்தான். டாலருக்குப் பதில் மூன்று ஆண்டு இளமை. நிபந்தனை அவளுக்கும் உண்டு, காத்திருப்பும் உண்டு. எந்த நாடும் அவளை முதலீட்டாளர் என்று அழைக்கவில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தது. திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, பலருக்கு ஷிப்டு குறைந்தது. அடுத்த மாதம் 19ஆம் தேதி அதே அரசு 'தங்க அட்டை' அறிவித்தது. பத்து லட்சம் டாலர் கொடையாகக் கொடுத்தால் குடியேற்றத்துக்கு விரைவு வழி. இவள் தைத்த பனியனுக்கு வாசலில் வரி, அதே நாட்டின் பணக்காரருக்கு வாசலில் அட்டை. 1893இல் கையால் உழைக்காதவர் என்று சாட்சி சொல்லி உள்ளே விட்டார்கள். இன்று அந்தச் சாட்சியை வங்கிக் கணக்கு சொல்கிறது.

நாட்டுவாரிக் கோட்டாவை நீக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மனைவி மக்களைக் கணக்கில் சேர்க்காமல் முதலீட்டாளரை மட்டும் எண்ண வேண்டும் என்ற வாதமும் பல ஆண்டாக நடக்கிறது. அப்படிச் செய்தால் வரிசை மூன்றில் ஒன்றாகச் சுருங்கும், அது நல்லதே. ஆனால் அதிலும் பெண்ணுக்குக் கிடைப்பது கணக்கிலிருந்து நீக்கம்தான். எண்ணப்படுவதிலும் சுமை, எண்ணப்படாமல் போவதிலும் அவள் இல்லை. அவள் கேட்க வேண்டியது வேறொன்று. வரிசையில் நின்ற ஆண்டுகள் அவளுக்கும் சொந்தமாக வேண்டும். மணமுறிவாலும் பிறந்தநாளாலும் அந்த ஆண்டுகள் அழியக் கூடாது.

அந்தச் சட்டத்தை நாம் எழுதப்போவதில்லை. நம் கைக்கு வரும் காகிதங்கள் சில உண்டு. விடுதலைப் பத்திரம் முன்னால் வைக்கப்பட்டால், வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரும் உரிமை 1989 முதல் இருக்கிறது. உங்கள் பான் எண்ணில் பணம் போனால் அது கொடையா, கடனா, பங்கா என்று எழுதி வாங்கும் உரிமை இருக்கிறது. மனுவில் முதல் பெயர் யாருடையது, மணம் முறிந்தால் என் நிலை என்ன, நான் வேலைக்குப் போகலாமா என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்கும் உரிமையும் இருக்கிறது. அப்படிக் கேட்கும் பெண்ணை ஊர் வாயாடி என்று சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.